இளைப்புக்காரருக்கு நீங்கதான் நர்ஸ்!

சங்கரன்கோவில் பக்கம் போயிருக்கிறீர்களா? சங்கரநாராயணர் கோயில் கோபுரம், பூ மார்க்கெட்டில் குவிந்து கிடக்கும் மல்லிகை, தெருவுக்குள் நுழைந்தால் 'டடக்... டடக்...' என்று காதைத் துளைக்கும் விசைத்தறிச் சத்தம். இந்த மூன்றும் அந்த ஊரின் அடையாளங்கள். அங்கே மட்டுமல்ல, தறி ஓடுகிற எந்த ஊரிலும் ராத்திரி தறி நின்ற பிறகு சில வீடுகளில் இன்னொரு சத்தம் கேட்கும். விசில் ஊதுகிற மாதிரி நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பும் 'ஈ... ஈ...' சத்தம். கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, தோள்பட்டை ஏறி இறங்க, மூச்சுக்காகப் போராடுகிற ஒரு பெரியவர். முதுகைத் தடவிக் கொடுப்பதா, வெந்நீர் வைப்பதா, ஆட்டோவுக்கு ஓடுவதா என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நிற்கும் மனைவியோ, மருமகளோ!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருக்கிறாரா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டாக்டர் நம் நோயாளியைப் பார்ப்பது பத்து நிமிஷம். ஒரு நாளின் மிச்ச நேரம் முழுக்க அவரைப் பார்த்துக்கொள்வது நீங்கள்தான். மூச்சுக் கோளாறுக்காரர் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி ஓடுவதும், வீட்டிலேயே நிம்மதியாக இருப்பதும் பெரும்பாலும் அந்த மிச்ச நேரத்தில் நடக்கிற கவனிப்பைப் பொறுத்தது. "நான் என்ன நர்ஸுக்கா படிச்சிருக்கேன்?" என்று கேட்காதீர்கள். வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொள்ளப் பட்டம் தேவையில்லை. பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

எல்லா இளைப்பும் ஒன்றல்ல!

"மேலுக்கு முடியல, எளப்பு வந்துட்டு" என்று நெல்லைச் சீமையில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது ஆஸ்துமா. மூச்சுக் குழாய்கள் சட்டென்று சுருங்கும், மருந்து கொடுத்தால் விரியும். வந்துவந்து போகிற நோய் இது. குழந்தைகளுக்கும் வரும்.

இரண்டாவது சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட மூச்சடைப்பு நோய். வருஷக்கணக்கில் புகையும் தூசியும் உள்ளே போய் நுரையீரல் மெல்ல மெல்லப் பழுதாவதால் வருவது. பழுதானது முழுசாகத் திரும்பாது, ஆனால் மேலும் கெடாமல் காப்பாற்ற முடியும். 2021-ல் மட்டும் உலகம் முழுக்க 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "எங்க வீட்டம்மா பீடி, சிகரெட் தொட்டதே இல்லையே?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் முப்பது வருஷம் விறகடுப்பு ஊதியவருக்கும் இது வரும். புகைக்கு ஆண் பெண் பேதம் ஏது?

மூன்றாவது பஞ்சுத்தூசி நோய். பஞ்சாலை, ஜின்னிங், நூல் வேலைகளில் பல காலம் இருந்தவர்களுக்கு வரக்கூடியது. இதற்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு. வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும். பிறகு வாரம் போகப் போகக் குறையும். ஆரம்பத்தில் "திங்கக்கிழமை சோம்பல்" என்று கேலி செய்துவிடுவார்கள். வருஷங்கள் போனால் எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும்! தறி, மில் வேலை பார்த்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், எத்தனை வருஷம், என்ன வேலை என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவை போக, பழைய காசநோய் விட்டுச் சென்ற தழும்பு, இருதயம் பலவீனமாவதால் வரும் மூச்சு வாங்கல் என்று இன்னும் உண்டு. எனவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மாத்திரையை உங்கள் வீட்டுக்காரருக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். ஊதிப் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது, ஸ்பைரோமெட்ரி என்று பெயர். எந்த வகை என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

முதல் வேலை... எண்ணுங்கள்!

ஆஸ்பத்திரி நர்ஸ் வந்ததும் என்ன செய்கிறார்? நோயாளியின் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். அதை நீங்களும் செய்யலாம். நோயாளி சும்மா இருக்கும்போது, அவருக்குத் தெரியாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும், அதனால்தான் இந்த ரகசியம்! பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை சரி. நம் ஆளுக்கு எப்போதும் 22 இருக்கிறது என்றால் அதுதான் அவர் கணக்கு. அது திடீரென்று 30-ஐத் தொட்டால் ஆபத்து மணி அடிக்கிறது என்று அர்த்தம்.

குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் கணக்கு வேறு. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இருமல் சளியோடு இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் யோசனையே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. நல்ல ஆரோக்கியமானவர்களுக்கு அது 95-க்கு மேல் காட்டும். நகப்பாலிஷ், அடர்த்தியான மருதாணி, சில்லிட்ட விரல்... இவை அளவைக் குழப்பிவிடும். விரலைத் துடைத்து, தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிஷம் அசையாமல் வைத்துப் பாருங்கள். கறுத்த சருமத்தில் உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும் வழக்கமும் இந்தக் கருவிக்கு உண்டு. எனவே கருவி 94 காட்டுகிறது, மனுஷர் மூச்சுத் திணறுகிறார் என்றால் கருவியை நம்பாதீர்கள். மனுஷரை நம்புங்கள்!

எண்ணியதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மூச்சு எண்ணிக்கை, சளியின் நிறம், ராத்திரி எத்தனை முறை எழுந்தார், அவசர மருந்து எத்தனை முறை இழுத்தார். டாக்டரிடம் "பரவாயில்ல டாக்டர், கொஞ்சம் எளப்பு" என்று சொல்வதைவிட இந்த ஒரு பக்கம் நூறு மடங்கு பேசும்.

உட்கார வைப்பதே பாதி மருந்து

மூச்சுத் திணறும்போது அவரைப் படுக்க வைக்காதீர்கள். மல்லாந்து படுத்தால் வயிறு மேலே தள்ளும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் இறங்க இடமில்லாமல் தவிக்கும். எனவே நிமிர்த்தி உட்கார வையுங்கள். முன்னால் ஒரு மேஜை அல்லது உயரமான ஸ்டூல் போட்டு, அதன் மேல் இரண்டு தலையணை அடுக்கி, கைகளை அதில் ஊன்றிச் சற்று முன்னால் சாயச் சொல்லுங்கள். தோளின் பாரம் இறங்கியதும் நெஞ்சுத் தசைகள் முழுக்க மூச்சு வேலைக்கே வந்துவிடும். நிற்கும்போது திணறினால் சுவரிலோ, ஜன்னல் கட்டையிலோ கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கட்டும்.

தூங்கும்போது தலைமாட்டை உயர்த்துங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். இடுப்பிலிருந்தே சாய்வு வருகிற மாதிரி மெத்தைக்கு அடியில் மடித்த ஜமக்காளம், போர்வைகளை வைத்து ஏற்றுங்கள். பட்டாசலில் பழைய ஈஸி சேர் கிடக்கிறதா? தூசி தட்டி எடுங்கள்... சில நாள் ராத்திரிக்கு அதுதான் அவருக்குச் சிம்மாசனம்.

படுத்த படுக்கையாகிவிட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். ஒரே பக்கம் படுத்தால் அந்தப் பக்கம் சளி தேங்கும். முதுகுப் புண்ணும் வரும்.

மெழுகுவத்தியை அணைக்காமல் ஊதுங்கள்!

செலவே இல்லாத ஒரு வைத்தியம் இருக்கிறது. மூக்கு வழியாக 'ஒன்று, இரண்டு' என்று எண்ணி மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். பிறகு விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்று மெதுவாக விடட்டும். எதிரில் மெழுகுவத்தி இருந்தால் சுடர் ஆட வேண்டும், அணையக் கூடாது. அந்த வேகம்தான் சரி.

ஏன் இப்படி? சி.ஓ.பி.டி. உள்ளவருக்குக் கஷ்டம் மூச்சை இழுப்பதில் மட்டுமல்ல, விடுவதிலும்தான். பழைய காற்று வெளியே போகாமல் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். உதட்டைக் குவித்து விடும்போது மூச்சுக் குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல் திறந்திருக்கின்றன, அடைபட்ட காற்று வெளியேறுகிறது. மூச்சு முட்டும் நேரத்தில் கற்றுக்கொடுத்தால் மண்டையில் ஏறாது. நன்றாக இருக்கும்போதே தினமும் இரண்டு வேளை, ஐந்து நிமிஷம் பழக்குங்கள். திணறல் வரும் ராத்திரியில் எதிரே உட்கார்ந்து, "என்னைப் பாருங்க மாமா, நான் ஊதுற மாதிரி ஊதுங்க" என்று நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். பயம்தான் மூச்சுக்கு முதல் எதிரி. உங்கள் முகத்தில் பதற்றம் இல்லையென்றால் அவருக்குப் பாதித் திணறல் குறையும்.

'பம்ப்' எடுத்தால் பழகிப் போகுமா?

"பம்ப் ஆரம்பிச்சா விடவே முடியாதாமே?" என்று கேட்காத வீடு இல்லை. இதை யார் கிளப்பி விட்டார்களோ! இன்ஹேலர் போதைப் பொருள் அல்ல. மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றி நெஞ்சுக்கு வர வேண்டும். இன்ஹேலர் மருந்து நேராக மூச்சுக் குழாய்க்கே போகிறது. அதனால் மாத்திரையைவிடக் குறைந்த அளவே போதும், பக்க விளைவும் குறைவு.

இதில் இரண்டு வகை உண்டு என்பதை ஞாபகம் வையுங்கள். ஒன்று, திணறும்போது சட்டென்று குழாயை விரிக்கும் அவசர மருந்து. மற்றொன்று, நன்றாக இருந்தாலும் தினமும் எடுத்து வீக்கத்தை அடக்கும் காப்பு மருந்து. "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று காப்பு மருந்தை நிறுத்துவதுதான் பல வீடுகளில் நடக்கும் விபத்து. இரண்டின் மேலும் பேனாவால் 'அவசரம்', 'தினசரி' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஸ்பிரே மாதிரி அழுத்தும் பம்ப் என்றால் முறை இதுதான்:

மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுவதும் வெளியே விடட்டும். வாயில் வைத்து உதட்டால் இறுக மூடட்டும். மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்போதே ஒரு தடவை அழுத்தி, தொடர்ந்து ஆழமாக இழுக்கட்டும். பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி, பிறகு விடட்டும். இரண்டாவது தடவை தேவை என்றால் அரை நிமிஷமாவது கழியட்டும்.

கை நடுங்கும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்தத் தாளம் பிடிபடாது. அவர்களுக்காகத்தான் ஸ்பேசர் என்ற குடுவை இருக்கிறது. மருந்து குடுவைக்குள் தங்கும், அவர்கள் நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். பொடி மருந்துக் கருவி என்றால் முறை வேறு. அதில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். எது உங்களிடம் இருக்கிறது என்று கேட்டு, டாக்டர் முன்னாலேயே ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்!

ஸ்டீராய்டு கலந்த காப்பு மருந்து எடுத்ததும் வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும், குரல் கட்டும். நெபுலைசர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் மருந்துக் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் கழுவிக் காயவையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் நாளைக்கு மருந்தோடு கிருமியையும் சேர்த்து ஊட்டுவீர்கள்.

சளியை வெளியே கொண்டு வாருங்கள்

கெட்டிச் சளிக்குத் தண்ணீர்தான் நல்ல மருந்து. இருதயம், சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லவில்லை என்றால், வெதுவெதுப்பான நீரை அவ்வப்போது குடிக்கக் கொடுங்கள். தொடர்ந்து 'லொக்கு லொக்கு' என்று இருமினால் மூச்சுதான் போகும், சளி வராது. அதற்குப் பதில், நடுத்தரமாக மூச்சை இழுத்து, கண்ணாடியில் ஆவி பிடிக்க ஊதுவது போல வாயைத் திறந்து 'ஹா...' என்று இரண்டு தடவை வேகமாக விடச் சொல்லுங்கள். மேலே ஏறி வந்த சளியை ஒரே இருமலில் துப்பிவிடலாம்.

முதுகில் தட்டிக் கொடுக்கும் முறையைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொண்ட பிறகே செய்யுங்கள். உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு தட்ட வேண்டும், அறையக் கூடாது. சாப்பிட்ட உடனே கூடாது. சளியில் ரத்தம் வந்தால், எலும்பு பலவீனமாக இருந்தால் கூடவே கூடாது.

ஆவி பிடிப்பது? மூக்கடைப்புக்குக் கொஞ்சம் சுகம் தரும், அவ்வளவுதான். இளைப்பை அது குணமாக்காது. சிலருக்குச் சூடான ஆவியே திணறலைக் கிளப்பும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வை போர்த்திக் குழந்தையைக் குனிய வைப்பது பெரிய ஆபத்து. பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோனால் என்ன செய்வது?

சளி வெள்ளையாக இருந்தது மஞ்சள், பச்சை ஆகிறதா? அளவு கூடுகிறதா? இளைப்பும் கூடுகிறதா? நோட்டில் எழுதிவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

ஜன்னலைத் திறங்க... சாம்பிராணியை மூடுங்க!

நர்ஸ் தொழிலுக்கே இலக்கணம் வகுத்த ஃபுளாரன்ஸ் நைட்டிங்கேல், நோயாளியைக் கவனிப்பது பற்றி எழுதிய புத்தகத்தில் முதல் அத்தியாயமாக எதை வைத்தார் தெரியுமா? மருந்தை அல்ல, அறையின் காற்றோட்டத்தை! நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பாடம் மாறவில்லை.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினமும் ஊதுவத்தி, ராத்திரி கொசுவத்திச் சுருள், காலையில் தாளிக்கும் மிளகாய் நெடி! நல்லதுக்காகச் செய்கிற இவை இளைப்புக்காரருக்கு விஷமாகிவிடும். சாமிக்கு எண்ணெய் விளக்கும் பூவும் போதுமே? கொசுவுக்கு வலை கட்டுங்கள். தாளிக்கும்போது அடுப்பங்கரைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வையுங்கள். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. வீட்டோடு தறி இருந்தால் நோயாளியின் கட்டில் தறிக்கூடத்துக்கு எட்ட இருக்கட்டும். தறியில் வேலை செய்பவர் உடை மாற்றி, கைகால் கழுவிய பிறகு பக்கத்தில் போகட்டும்.

வீட்டுக்குள் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது. நோயாளியே பிடிப்பவரா? "இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?" என்பார். எந்த வயதில் விட்டாலும் நுரையீரல் கெடுகிற வேகம் குறையும் என்று சொல்லுங்கள்.

ஆடித் தபசு, தேர்த் திருவிழாக் கூட்டத்தில் கோமதி அம்மனைத் தரிசிக்க ஆசைப்படுகிறாரா? தடுக்காதீர்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, முகக் கவசத்தோடு, அவசரப் பம்பைச் சட்டைப் பையில் வைத்து அழைத்துப் போங்கள். புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளட்டும். ஆனால் அன்றைய மருந்தை விட்டுவிட வேண்டாம்!

சாப்பாடு, குளியல், நடை

வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு முட்டும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சின்ன வேளையாகப் பிரித்துவிடுங்கள். இட்லி, குழைந்த சாதம், பருப்பு, முட்டை, மீன் என்று மெல்ல எளிதானதாக இருக்கட்டும். நாள்பட்ட இளைப்பில் உடம்பு மெலிந்து தசை கரையும். மூச்சு விடுவதும் தசையின் வேலைதானே? எனவே புரதச் சத்தைக் குறைக்காதீர்கள்.

"பால், தயிர், வாழைப்பழம் கொடுத்தால் சளி கட்டுமே?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எல்லோருக்கும் பொதுவாக இப்படித் தடை போட ஆதாரம் இல்லை. குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டால் அவருக்கு ஒவ்வொரு முறையும் இளைக்கிறது என்றால் அதை மட்டும் நிறுத்துங்கள்.

குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே குளிக்கட்டும். உள்ளிருந்து தாழ் போட வேண்டாம். துவட்டுவதற்குப் பதில் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டால் சிரமம் மிச்சம். எல்லா வேலையையும் நீங்களே செய்துவிடவும் வேண்டாம். உட்கார்ந்தே இருந்தால் உள்ள பலமும் போகும். தினமும் தெருமுனை வரை, நின்று நின்று, நடக்க வையுங்கள். சளிக்காய்ச்சல், நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டுக்கே ஆக்ஸிஜன் வந்தால்...

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எப்போதும் குறைவாகவே இருப்பவருக்கு டாக்டர் வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைக்கச் சொல்வார். "மூச்சு வாங்கும்போது மட்டும் பத்து நிமிஷம் வச்சுக்கலாம்" என்று நினைக்காதீர்கள். 1980, 1981-ல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வெளியான ஆய்வுகள் தெளிவாகக் காட்டியது இதுதான்: இப்படிப்பட்ட சி.ஓ.பி.டி. நோயாளிகள் ஒரு நாளைக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொண்டால்தான் ஆயுள் கூடுகிறது. தூங்கும் நேரத்தையும் சேர்த்தால் இது முடிகிற காரியமே.

ஆனால் 'அதிகம் வைத்தால் அதிகம் நல்லது' என்று குமிழைத் திருகிவிடாதீர்கள்! சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு ஆக்ஸிஜன் அளவு பொதுவாக 88-லிருந்து 92-க்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, தலைவலி, குழப்பம், தூக்கக் கலக்கம் என்று நினைவே தப்பலாம். டாக்டர் எழுதிய அளவுதான் அளவு.

இன்னொரு முக்கியமான விஷயம், தீ! ஆக்ஸிஜன் தானாக எரியாது, ஆனால் சின்னப் பொறியையும் பெருந்தீயாக்கிவிடும். கற்பூரம், விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் பத்தடிக்குள் வரக் கூடாது. மூக்கு வறண்டால் வாசலைன், தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். தண்ணீரில் ஆன ஜெல் இருக்கிறதா என்று மருந்துக் கடையில் கேளுங்கள். குழாய் பதியும் காதுமடல், கன்னம் புண்ணாகாமல் பஞ்சு வையுங்கள். கான்சன்ட்ரேட்டர் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால்? மாற்றாக ஒரு சிலிண்டர் நிரம்பியிருக்கட்டும். அதைத் திறக்க வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

சென்னை உலகுக்குச் சொன்ன பாடம்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் உண்டா? காசநோய்ப் பரிசோதனையை உடனே செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது, 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது.

"காசநோய்க்காரரை வீட்டில் வைக்கலாமா?" என்ற பயத்துக்குச் சென்னைதான் பதில் சொன்னது. ஒரு காலத்தில் காசநோய் என்றால் தாம்பரம் சானடோரியம் மாதிரி இடத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். 1956-ல் சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும், இன்னொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து அதே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள், நெருக்கடியான வீடு, சாப்பாடும் குறைச்சல். அப்படியிருந்தும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை! கூட வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகம் பரவவும் இல்லை. உலகமே சானடோரியங்களை மூட இந்த ஆய்வு ஒரு காரணமானது.

வெற்றியின் ரகசியம் என்ன? மருந்தைத் தவறாமல் விழுங்கியதுதான். வீட்டுக்கே போய் மாத்திரையை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்! அந்த எண்ணுகிற வேலையை இன்று நீங்கள் செய்யுங்கள். ஆரம்ப வாரங்களில் முகக் கவசம், திறந்த ஜன்னல், துப்பியதை மூடிய பாத்திரத்தில் சேகரிப்பது... இவை போதும். தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கி மனுஷரை நோகடிக்க வேண்டாம். இது காற்றில் பரவும் நோய், டம்ளரில் அல்ல.

உடனே ஓட வேண்டியது எப்போது?

ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாகச் சொல்ல முடியாமல் ஒவ்வொரு வார்த்தையாகத் திணறினால்...

உதடு, நாக்கு நீலம் பாரித்தால்...

குழப்பமாகப் பேசினால், எழுப்பினாலும் தூங்கி வழிந்தால்...

அவசர மருந்து கொடுத்தும் இளைப்பு குறையவில்லை என்றால்...

ஆக்ஸிஜன் அவருடைய வழக்கமான அளவுக்குக் கீழே இறங்கினால்...

நெஞ்சு வலி வந்தால், சளியில் ரத்தம் கொட்டினால்...

இத்தனை நேரம் 'ஈ... ஈ...' என்று கேட்ட சத்தம் சட்டென்று நின்று, ஆள் சோர்ந்து போனால்... குணமாகிவிட்டது என்று ஏமாறாதீர்கள். காற்றே உள்ளே போகவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்!

இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். "விடியட்டும், பார்க்கலாம்" என்பது வேண்டாம். சங்கரன்கோவில் மாதிரி ஊர்களிலிருந்து திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அந்தத் தூரத்தை மூச்சு இருக்கும்போதே கடக்க வேண்டும். முதலில் பக்கத்து அரசு மருத்துவமனையில் ஆக்ஸிஜனும் முதல் மருந்தும் கிடைக்கட்டும், அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி. நோட்டு, மருந்துச் சீட்டு, பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள்.

நர்ஸுக்கும் தூக்கம் வேண்டும்!

கடைசியாக உங்களைப் பற்றி. ராத்திரி முழுக்க முழித்து, காலையில் பிள்ளைகளுக்குச் சோறு கட்டி, பகலில் மறுபடி பணிவிடை... எத்தனை நாள் தாங்கும்? உங்களுக்கும் எரிச்சல் வரும், சமயத்தில் "எப்பதான் விடியுமோ" என்றுகூடத் தோன்றும். அதற்காகக் கூனிக் குறுக வேண்டாம். அது களைப்பின் குரல். வீட்டு ஆண்கள் வாரத்தில் இரண்டு ராத்திரியாவது முறை எடுத்துக்கொள்ளட்டும். பம்ப் கொடுக்க ஆணுக்குத் தெரியாதா என்ன? 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் தர வழி செய்திருக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 104-க்கு போன் செய்தும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

நோய் முற்றிய நிலையில், எந்த மருந்தும் முழுசாகக் கேட்காத காலமும் வரும். அப்போது மறுபடி ஐ.சி.யூ.வா, வீட்டிலேயே நிம்மதியா என்ற கேள்வி எழும். அவர் தெளிவாகப் பேசுகிற நாளிலேயே, "உங்க விருப்பம் என்ன?" என்று மெதுவாகக் கேட்டு, டாக்டரோடும் கலந்து பேசி வையுங்கள். அபசகுனம் என்று தள்ளிப்போட்டால், பிறகு பதற்றத்தில் யாரோ முடிவெடுப்பார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது மூன்றுதான். ஒரு நோட்டு வாங்குங்கள். இரண்டு பம்புகளிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். ராத்திரி படுக்கும் முன் அவருடைய மூச்சை ஒரு நிமிஷம் எண்ணி, முதல் பக்கத்தில் முதல் வரியாக எழுதிவையுங்கள்.